மொன்ஜியா எழுதிய கடைசி அத்தியாயம்

நான் ஓட்டுநர். எங்கள் நடமாடும் நூலகப் பேருந்தின் கியரைப் பற்றிக் கேளுங்கள், பொழுது சாய்கிற வரைக்கும் பேசுவேன். புத்தகத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மஹ்தியா நகரத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமம் ஒன்று விடாமல் புத்தகங்களைச் சுமந்து சுற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. ஒரே ஒரு கதையைக் காதால் கேட்டேன். அதை எழுதியவள் என் பின்னாலேயே உட்கார்ந்து வந்த மொன்ஜியா.

மொன்ஜியா எங்கள் வண்டியின் நூலகர். முன்பெல்லாம் அவள் வாயை மூட நான் காசு கொடுக்கத் தயாராக இருந்தேன். மேடு பள்ளத்தில் ஒரு அலமாரி ஆடினால் போதும், "ஜிலானி அண்ணே, வண்டி ஓட்டுறீங்களா, ஒட்டகம் மேய்க்கிறீங்களா?" என்று பின்னாலிருந்து கத்துவாள். வானொலியில் நான் வைக்கிற பாட்டு அவளுக்குப் பிடிக்காது, அவள் கொறிக்கிற சூரியகாந்தி விதையின் தோல் எனக்குப் பிடிக்காது. அவள் கணவர் ஹெதி, அல்லாஹ் அவருக்கு இரக்கம் காட்டட்டும், சர்க்கரை முற்றி இறந்தார். அப்போது கூட நாற்பதாம் நாள் முடிந்ததும் வண்டிக்கு வந்து என்னோடு சண்டை பிடித்தவள் அவள்.

அய்மன் போன பிறகுதான் சண்டை நின்றது.

அய்மன் அவளுடைய மூத்த பிள்ளை. எங்கள் பக்கத்தில் காகிதமில்லாமல் படகேறி இத்தாலிக்குப் போவதை எரிக்கிறது என்போம், எல்லையை எரித்துவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். அவனும் ஒரு விடியலில், வீட்டில் சொல்லாமல், எரித்துவிட்டுப் போனான். படகு பாதியில் கவிழ்ந்தது. சிலருடைய உடல்கள் கரைக்கு வந்தன. அய்மனுடையது வரவில்லை. அவனோடு போன, எங்கள் ஊர் மப்ரூக்காவின் மகன் ஷுக்ரியுடையதும் வரவில்லை.

உடல் வராத வீட்டில் நாங்கள் துக்கம் வைக்க மாட்டோம். மூன்றாம் நாள் கூஸ்கூஸ் சாப்பாடு கிடையாது, குர்ஆன் ஓதுதல் கிடையாது. செத்தவர் பெயரைச் சொன்னால் கூடவே, அல்லாஹ் இரக்கம் காட்டட்டும் என்போம். கடலில் காணாமல் போனவன் பெயருக்கு, அல்லாஹ் திருப்பித் தரட்டும் என்போம். வாய் தவறிக்கூட மாற்றிச் சொல்லக் கூடாது. மாற்றிச் சொன்ன மளிகைக்கடைக்காரனை மப்ரூக்கா செருப்பைக் கழற்றி அடித்தாள், ஊரே அவள் பக்கம்தான் நின்றது. நானாக இருந்தால் இன்னும் இரண்டு போடச் சொல்லியிருப்பேன்.

மொன்ஜியாவுக்கு ஒரு மகளும் இருக்கிறாள், சிரீன். அண்ணன் போனபோது அவளுக்கு எட்டு வயது. அண்ணன் இத்தாலியில் வேலை பார்க்கிறான், காகிதம் இல்லாததால் போன் செய்ய முடியவில்லை என்று மொன்ஜியா அவளிடம் சொல்லிவைத்தாள். பிள்ளை தலையாட்டினாள். ஐந்து வருடமாக அந்த வீட்டில் அந்தப் பொய்தான் அன்றாடம் சோறு தின்றது. மேசையில் அவனுக்கு ஒரு தட்டு. சுவரில் அவனுடைய பழைய சார்ஜர், அதை யாரும் பிடுங்கியதில்லை.

மொன்ஜியா அழுது நான் பார்த்ததில்லை. வருவாள், புத்தகத்தில் முத்திரை குத்துவாள், போவாள். வேண்டுமென்றே ஒரு நாள் வண்டியைக் குழியில் இறக்கினேன், ஒட்டகம் என்று திட்டட்டுமே என்று. அலமாரியிலிருந்து பாதிப் புத்தகம் கொட்டியது. அவள் குனிந்து பொறுக்கி அடுக்கினாள். "விடுங்கண்ணே" என்றாள்.

கதை தொடங்கியது ஒரு பெட்டியால். தலைநகரிலிருந்து பெரிய பிள்ளைகளுக்கான புதுப் புத்தகங்கள் வந்தன. அதில் ஒன்றில், படகேறப் போன பையன் கரையிலேயே மனம் திருந்தித் திரும்பி வந்து, பரீட்சையில் முதலாவதாக வருகிறானாம். வியாழக்கிழமைதோறும் நாங்கள் நிறுத்துகிற நடுநிலைப் பள்ளி வாசலில், வஜ்தி என்ற பையன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"மேடம், இத எழுதினவரு கடலப் பாத்திருக்காரா?"

"ஏன்டா?"

"இல்ல, கடற்கரைல நின்னு யோசிச்சானாம், திருந்திட்டானாம். எங்க தெருவுல நாலு பேரு போனாங்க. யோசிக்கிற அளவுக்கு யாருக்கும் நேரம் இருந்த மாதிரித் தெரியல."

பிள்ளைகள் சிரித்தார்கள். மொன்ஜியா சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். போகிற வழியில் பின்னாலிருந்து பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

"என்ன எழுதுற?" என்றேன்.

"கதை."

"பிள்ளைங்களுக்கா? நல்லதா ஏதாவது எழுது. பேசுற ஆடு, குருவி, அந்த மாதிரி."

"இதுங்களுக்குப் பதிமூணு வயசுண்ணே. ஆடு பேசினா, இதுங்க ஆட்டைப் பாத்து, எப்ப எரிக்கப் போறேன்னு கேக்கும்."

வெகுகாலத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. ஆனால் குரலில் உப்பே இல்லை, எதையோ வாசிக்கிறவள் போலச் சொன்னாள்.

அடுத்த வியாழன் முதல் அவள் வாரம் ஒரு அத்தியாயம் வாசித்தாள். பிள்ளைகள் பேருந்துக்குள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். நான் முன்சீட்டில் இருந்து, கேட்காதவன் மாதிரி கேட்டேன். கதையில் சாபிர் என்று ஒரு பையன், அவன் அம்மா, ஒரு சின்னத் தங்கச்சி. சாபிர் போகிறான். அழுகை, ஒப்பாரி, புத்திமதி எதுவும் இல்லை. படகில் பெட்ரோல் நெடி, கால் நனைந்துபோய் விறைப்பது, பக்கத்தில் இருக்கிறவனின் பெயர் தெரியாமலே அவன் தோளில் தூங்குவது, இவ்வளவுதான். மூழ்குகிற இடத்தை அவள் எழுதவே இல்லை. அலை பெரிதாக வந்தது என்றாள், அதற்கடுத்த வரியில் ஊரில் மறுநாள் ரொட்டிக்கடை திறந்தது.

பிள்ளைகள் திருத்தம் சொன்னார்கள். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கவில்லை, அவளுக்குப் பிடித்தது.

"மேடம், போனை பையில வெச்சிருக்கான்னு எழுதியிருக்கீங்க. பலூனுக்குள்ள போட்டு முடிச்சுப் போடுவாங்க. எங்க சித்தப்பா அப்படித்தான் செஞ்சாரு."

"சரி." எழுதிக்கொள்வாள்.

ஒரு வாரம் இப்திசாம் என்ற பெண், பாதியில், "மேடம், இன்னைக்குப் போதுமே" என்றாள். முகம் வெளுத்திருந்தது. "முடியட்டும்டி" என்று மற்றதுகள் கத்தின. மொன்ஜியா காகிதத்தை மடித்துவிட்டாள். "யாரு போதும்னாலும் நிறுத்துறதுதான். காரணம் கேக்க மாட்டேன்." தன் பலகார டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் பேரீச்சை அடைத்த மக்ரூத் கொடுத்தாள். அடுத்த வாரம் இப்திசாம்தான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் வண்டியின் கியர் அடிக்கடி மாட்டிக்கொண்டது. பழுதுபார்க்கத் தலைநகருக்கு ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். தேநீர்க்கடை ஹம்மாதி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் கொட்டினான். எங்களுக்கு அது வழக்கம். ஹஜ்ஜுக்குப் போனாலும் பட்டாளத்துக்குப் போனாலும் போகிறவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அப்போதுதான் திரும்பி வருவான். ஊற்றிய தண்ணீர் தானாகக் காய வேண்டும், யாரும் துடைக்கக் கூடாது.

"டேய், இது பஸ்ஸுடா, புது மாப்பிள்ளை இல்ல!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் மொன்ஜியா அந்த ஈர மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அய்மனுக்கு ஒருவரும் ஊற்றவில்லையே என்று நினைக்கிறாள் போலும் என்று வாயை மூடிக்கொண்டேன். வண்டி திரும்பி வந்தது, கியர் மட்டும் இன்றுவரை சரியில்லை.

கதை முடிவை நெருங்க நெருங்கப் பெரியவர்களுக்கு வியர்த்தது. தலைமையாசிரியர் லசாத் தன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

"மேடம் மொன்ஜியா, நீங்க எழுதுறது நல்லாத்தான் இருக்காம். ஆனா முடிவு என்ன? ஒண்ணு அவன் திரும்பி வந்து படிக்கணும், இல்லேன்னா போகாதீங்கன்னு பசங்களுக்குப் புத்தி சொல்லணும்."

"புத்தி சொன்னா கேக்குறாங்களா சார்?"

"கேக்க மாட்டாங்க. அதுக்காகச் சொல்லாம இருக்கிறதா?"

அவருக்கும் ஒரு மகன், பதினேழு வயது. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மப்ரூக்கா வந்ததுதான் பெரிய பாடு. மசூதிப் பக்கம் வண்டி நிற்கும்போது உள்ளே ஏறி, மொன்ஜியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் சாகுறானாமே, கதைல?"

"இன்னும் எழுதல அக்கா."

"எழுதாத. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன். நீ எழுதினா அது முடிஞ்ச மாதிரி ஆயிடும்டி. நாளைக்கு இதே பசங்க என் வாசல்ல வந்து, அல்லாஹ் ஷுக்ரிக்கு இரக்கம் காட்டட்டும்னு சொல்லுவாங்க."

"யாரும் சொல்ல மாட்டாங்க அக்கா. அல்லாஹ் திருப்பித் தரட்டும்."

"திருப்பித் தரட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

அன்று மொன்ஜியா என்னிடம் மனம் விட்டுப் பேசினாள். "எனக்கு மப்ரூக்காவோ லசாத்தோ பிரச்சனை இல்லண்ணே. சிரீன்தான். இந்த வருஷம் அவளும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டா. அவளுக்கு விளையாட்டுப் பாடம் இருக்கிற நேரமாப் பாத்துத்தான் வாசிக்கிறேன். உண்மையான முடிவை எழுதி அது அவ காதுல விழுந்தா? அண்ணன் இத்தாலில இருக்கான்னு நம்பிட்டிருக்கா. அதை நானே என் கையால எப்படிப் பிடுங்குறது?"

"அப்ப போன் வர மாதிரி எழுதிடேன்."

"எழுதினேன். வஜ்தி என்னைப் பாக்குற பார்வை இப்பவே தெரியுது." பிறகு சொன்னாள். "ரெண்டு முடிவு எழுதி வெச்சிருக்கேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் படுது. எதைப் படிச்சாலும் எனக்குள்ள ஒண்ணும் அசையல. மரத்துப் போச்சுண்ணே. இப்படி ஒருத்தி பிள்ளைங்களுக்குக் கதை எழுதலாமா?"

இரண்டாவது கியரிலேயே வீடு வரைக்கும் ஓட்டினேன்.

கடைசி அத்தியாயத்தன்று விளையாட்டு வாத்தியார் வரவில்லை. அந்த ஆளுக்கு மாதத்தில் பாதி நாள் முதுகுவலி, மீதி நாள் வேலைநிறுத்தம். சிரீன் நேராக வண்டிக்கு வந்தாள். "ஜிலானி மாமா" என்று எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, உள்ளே போய் இப்திசாமுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மொன்ஜியா மகளைப் பார்த்தாள். பைக்குள் கையைவிட்டு, எடுத்திருந்த காகிதத்தை உள்ளே தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தாள். எதை எடுத்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசித்தாள். சாபிரின் அம்மா ரொட்டி பிசைகிறாள். போன் அடிக்கிறது. கையெல்லாம் மாவோடு எடுக்கிறாள். "அம்மா, நான் நல்லாயிருக்கேன்" என்கிறது குரல். தங்கச்சி குதிக்கிறாள். முடிந்தது.

வஜ்தி தன் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். "நல்லா இருக்கு மேடம்" என்றான், சாவு வீட்டில் பேசுகிற மரியாதையோடு. இப்திசாமும், "ஆமா மேடம், நல்லா இருக்கு" என்றாள். பிள்ளைகள் பெரியவர்களுக்காக இப்படிப் பொய் சொல்வதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சிரீன் வகுப்பில் தூக்குகிற மாதிரி கையைத் தூக்கினாள்.

"ஒரு இடம் தப்பா இருக்கு."

"எது?"

"சாபிர் போற இடம். யாரும் தண்ணி ஊத்தல."

மொன்ஜியா காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "அவன் யாருக்கும் தெரியாமப் போறான். எல்லாரும் தூங்குறாங்க. யாரு ஊத்துவா?"

"தங்கச்சி தூங்கல."

சிரீனுடைய குரல் சாதாரணமாக இருந்தது. பாடம் ஒப்பிக்கிற குரல்.

"அடுப்பங்கரைக் கதவுச் சத்தத்துல அவ முழிச்சுக்கிட்டா. அண்ணன் வாயில விரல வெச்சு, அம்மாவ எழுப்பாதன்னான். அவ எழுப்பல. அவன் வெளிய போனதும் அடுப்பங்கரைல இருந்து பச்சைச் சொம்பை எடுத்துட்டு வந்தா. தெருவுல ஊத்தணும்னு அவளுக்குத் தெரியும். ஆனா தெருவுல நாய் இருந்துச்சு, பயம். அதனால படியிலயே ஊத்திட்டு உள்ள வந்து படுத்துட்டா."

"அப்புறம்?" என்றான் வஜ்தி.

"காலைல அம்மா எந்திரிச்சு வந்து படியைப் பாத்தாங்க. யாருடி இங்க தண்ணியக் கொட்டினது, வழுக்கி விழவான்னு திட்டினாங்க. துணி எடுத்துட்டு வந்து துடைச்சாங்க. நல்லா அழுத்தித் துடைச்சாங்க. அண்ணன் போனது அப்ப அவங்களுக்குத் தெரியாது. தங்கச்சி பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தா. துடைக்காதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. அதனால சொல்லல."

சிரீன் மடக்கிய காலை மாற்றி உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் எப்பவுமே சொல்லக் கூடாது" என்றாள் சிரீன். "சொன்னா, தான் துடைச்சதாலதான் அவன் வரலைன்னு அம்மா நினைப்பாங்க. அதான் தங்கச்சி, அம்மா இத்தாலின்னு சொன்னா இத்தாலின்னு தலையாட்டுறா. அதுதான் கதைல வரணும். போன் வேண்டாம்."

நான் கண்ணாடியில் மொன்ஜியாவைப் பார்த்தேன். முகத்தில் எதுவும் இல்லை. பேனாவின் மூடியைத் திறந்தாள். முழங்காலில் காகிதத்தை வைத்து, பலூன் விஷயத்தை எழுதிக்கொண்ட மாதிரியே எழுதத் தொடங்கினாள். பச்சைச் சொம்பு என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். நாய் என்று எழுதினாள். பிறகு தலை தூக்காமல் கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு அவன் வர மாட்டான்னு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் நாள். மப்ரூக்கா பெரியம்மா வந்து உங்ககிட்ட அழுதாங்கல்ல? நான் கதவுக்குப் பின்னாடிதான் இருந்தேன்."

கதைத் தங்கச்சி போய்விட்டாள், சிரீன் வாயில் 'நான்' என்று வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரிந்தது. இப்திசாம், "இன்னைக்குப் போதும் மேடம்" என்றாள். அன்று அவள் தனக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எழுந்து, சத்தம் போடாமல் இறங்கின. வஜ்தி டப்பாவைத் திறந்து சிரீன் கையில் ஒரு மக்ரூத்தை வைத்துவிட்டுப் போனான்.

கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினேன். இருவரும் எனக்குப் பின்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆலிவ் தோப்புகளைத் தாண்டினோம். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று காத்திருந்தேன், அழவில்லை.

"நான் உங்கள எழுப்பியிருந்தா..." என்றாள் சிரீன்.

"எழுப்பியிருந்தா அடுத்த வாரம் போயிருப்பான். எனக்குத் தெரியாதா அவன?" பிறகு மொன்ஜியா, "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்றாள்.

அவளுக்கு அது தெரியாது. ஐந்து வருடமாக, அவன் எப்படிப் போனான் என்பதைப் பார்த்தவர் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நீலம். அப்பாவோட கம்பளிய மேல போட்டிருந்தான்."

"ஏதாவது தின்னானா?"

"ரொட்டி எடுத்துட்டுப் போனான். பாதி ரொட்டி. காரமா ஹரிஸ்ஸாவும் தடவினான், டப்பாவ மூடாமலே வெச்சுட்டான். நான்தான் மூடினேன்."

"அவன் மூடவே மாட்டான்." மொன்ஜியா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான். நான் தண்ணி ஊத்துறதப் பாத்துட்டு, சிரிச்சுட்டு, போடி லூசுன்னான்."

அவர்கள் வீடு வந்துவிட்டது. பிரேக்கைப் போட்டேன். மொன்ஜியா எழுந்திருக்கவில்லை. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அய்மன்" என்றாள். அந்தப் பெயருக்குப் பிறகு வர வேண்டியதற்காக நானும் வாயைத் திறந்தேன், திருப்பித் தரட்டும் என்று கூடவே சொல்ல.

"அல்லாஹ் அவனுக்கு இரக்கம் காட்டட்டும்" என்றாள் அவள்.

சிரீன், "ஆமீன்" என்றாள்.

இருவரும் இறங்கி, அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனார்கள்.